தெஹ்ரானுக்குத் திரும்பி வந்த ரஹ்பரி: அன்று ஆர்கெஸ்ட்ராவைக் கூட்டிக்கொண்டு வெளியேறியது சரியா?

சுருதிப்பெட்டி (இழையைத் தொடங்கியவர்)

ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் விஷயம். இன்று எழுதிவிடுகிறேன்.

அலி ரஹ்பரி 1948-ல் பிறந்த ஈரானியர். சின்ன வயதில் தெஹ்ரானில் வயலின் படித்துவிட்டு வியன்னா போய் இசையமைப்பும் ஆர்கெஸ்ட்ராவை முன்னின்று நடத்தும் கண்டக்டிங்கும் கற்றார். எழுபதுகளில் ஒருமுறை ஊருக்குத் திரும்பி இசைப் பள்ளி நடத்தினார். 1979 இஸ்லாமியப் புரட்சிக்குக் கொஞ்சம் முன்னால் மறுபடி வெளியேறினார். புகழ்பெற்ற கண்டக்டர் கரயானிடம் உதவியாளராக இருந்தார். பிரஸ்ஸல்ஸ், ஸாக்ரெப், மலாகா என்று பல ஊர் ஆர்கெஸ்ட்ராக்களைக் கையில் வைத்திருந்தார். இப்படிப்பட்டவர் நிம்மதியாக ஆஸ்திரியாவிலேயே இருந்திருக்கலாம்.

ஆனால் 2005-ல் தெஹ்ரானுக்கு வந்து, புரட்சிக்குப் பிறகு முதல்முறையாக அங்கே பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியை நடத்தினார். அரங்கம் பல இரவுகள் நிரம்பியது. மேற்கத்திய விழுமியங்களைப் பரப்புகிறார் என்று பழமைவாதப் பத்திரிகைகள் எழுதின. இசைக்கலைஞர்களை நடத்தும் விதம் சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடுத்த மாதமே, அதிபர் அஹ்மதிநெஜாத் தலைமையிலிருந்த கலாச்சாரப் புரட்சி மன்றம் அரசு வானொலி தொலைக்காட்சியில் மேற்கத்திய இசைக்குத் தடை போட்டது.

பத்து வருடம் கழித்து மறுபடி கூப்பிட்டார்கள். தெஹ்ரான் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா 2012-ல் பணமில்லாமல் நின்றுபோயிருந்தது. அதிபர் ரூஹானி காலத்தில் உயிர்கொடுக்கலாம் என்று முடிவானதும் ரஹ்பரி வந்தார், 2015-ல் திரும்ப ஆரம்பித்தார். அதே நவம்பரில் தெஹ்ரானில் ஒரு சர்வதேச மல்யுத்தப் போட்டி. தொடக்கத்தில் தேசியகீதம் வாசிக்க ஆர்கெஸ்ட்ராவை அழைத்திருந்தார்கள். எல்லாம் தயார். பதினைந்து நிமிடம் இருக்கும்போது ‘பெண்கள் மேடையில் இருக்கக்கூடாது’ என்று தகவல் வந்தது. இது அவமானம், வாசித்தால் எல்லோரும் வாசிப்போம், இல்லையென்றால் யாரும் இல்லை என்று மொத்தக் குழுவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அடுத்த வருடம் பதவியும் வேண்டாமென்று விலகிவிட்டார்.

என் கேள்வி இதுதான். ஒரு ஆர்கெஸ்ட்ராவை வளர்க்க வந்தவர் அன்றைக்கு விட்டுக்கொடுத்திருக்க வேண்டுமா?

---

ரயில்பூச்சி

மல்யுத்தத்துக்கு எதற்கய்யா சிம்பொனி. கேசட் போட்டால் போதாதா?

---

நாலாவது வயலின்

ரயில்பூச்சி, அவர்கள் கடைசியில் எதைப் போட்டார்கள் என்பதா முக்கியம்.

இருபத்திரண்டு வருடம் ஸ்டுடியோவிலும் மேடையிலும் வயலின் செக்‌ஷனில் உட்கார்ந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பெண்களை எடுத்துவிட்டு மீதியை வைத்து வாசி என்பது, கேட்கத்தான் நாற்காலி கணக்கு மாதிரி இருக்கும். உண்மையில் அப்படியில்லை. முதல் வயலின், இரண்டாம் வயலின், வியோலா, செல்லோ என்று ஒவ்வொரு செக்‌ஷனுக்கும் தனித்தனி வரி. இரண்டு பேருக்கு ஒரு ஸ்டாண்ட். ஒருவர் பக்கம் புரட்டும்போது அடுத்தவர் ஒலியை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பார். வில் மேலே போவதும் கீழே வருவதும் செக்‌ஷன் முழுக்க ஒன்றாக இருக்க வேண்டும். ஈரான் ஆர்கெஸ்ட்ராவில் வீணாக நின்ற ஆட்களா பெண்கள்? தந்திக் கருவிகளில் அவர்கள் கணிசமான பங்கு. அவர்களை எழுப்பிவிட்டால் ஒரு செக்‌ஷனில் ட்ரம்பெட்டுக்கு முன்னால் நிற்க ஆளே இருக்காது. பித்தளை மட்டும் பிளிறும், நடுவே ஓட்டை.

கலை, கௌரவம் எல்லாம் அப்புறம். பதினைந்து நிமிடத்தில் அதைச் சரிக்கட்ட எந்தக் கண்டக்டராலும் முடியாது. அவர் மறுத்ததில் முதலில் இருந்தது தொழில்.

---

கறார்_கந்தசாமி

எல்லோரும் கைதட்டுவதற்கு முன் நான் கொஞ்சம் கசப்பாகப் பேசிக்கொள்கிறேன்.

தேசியகீதம் ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்துக்கு வாசிக்காமல் போனதால் என்ன கிடைத்தது? வெளிநாட்டுப் பத்திரிகையில் தலைப்புச் செய்தி. மேலிடத்திலோ அந்த ஆர்கெஸ்ட்ரா மீது இன்னொரு கறுப்புப் புள்ளி. ரூஹானியோடு சேர்ந்து கலைஞர்கள் ஆசைப்பட்ட இடம் சிறியது, ஒடுக்கமானது. அதில் கால் வைத்துவிட்டு, இஞ்ச் இஞ்சாக நகர்ந்திருக்க வேண்டும். மல்யுத்த அரங்கத்தில் விட்டுக்கொடுத்து, தெஹ்ரானின் பெரிய கச்சேரி மண்டபமான வஹ்தத் அரங்கத்தில் பெண்களைக் காப்பாற்றியிருக்கலாம்.

இன்னொன்று. கோபித்துக்கொண்டு போகிறவருக்கு வியன்னாவில் வீடு இருக்கிறது. இரண்டாம் வயலினில் மூன்றாவது ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு எங்கே வீடு? தெஹ்ரானில்தான்.

---

பாலைவன_வெல்டர்

கந்தசாமி சொன்ன கடைசி வரி சுடுகிறது. ஆனால் அந்த மூன்றாவது ஸ்டாண்ட் பெண்ணைக் கேட்டால் அவள் ‘நான் வீட்டுக்குப் போகிறேன், நீங்கள் ஆண்கள் மட்டும் வாசியுங்கள்’ என்பாளா? எனக்குச் சந்தேகம்தான்.

நான் தெற்கு ஈரானில் அசலூயேவில் எரிவாயு ஆலை ஒப்பந்த வேலையில் ஒன்றரை வருடம் இருந்தேன். முகாமில் தொலைக்காட்சி. ஒருநாள் இரவு ஆர்கெஸ்ட்ரா இசை வருகிறது, அருமையாக. திரையில் பார்த்தால் நீர்வீழ்ச்சி. அப்புறம் ரோஜாப்பூ. அப்புறம் மலை. அப்புறம் மறுபடி நீர்வீழ்ச்சி. நான் ஏதோ ஆன்டெனா கோளாறு, இரண்டு சேனல் கலந்துவிட்டது என்று நினைத்து எழுந்து போய்த் தட்டினேன். ஈரானிய சகா சிரி சிரியென்று சிரித்தார். அரசு தொலைக்காட்சியில் பாட்டைக் கேட்கலாம், வாத்தியத்தைப் பார்க்கக்கூடாது, அதற்காகத்தான் பூவைக் காட்டுகிறார்கள் என்றார். அவருடைய பிள்ளைக்கு அப்போது பதினோரு வயது. செல்லோ என்ற பொருளைத் தொலைக்காட்சியில் பார்த்ததே இல்லையாம்.

அரங்கத்துக்குப் போகிறவன் பார்க்கலாம். வீட்டில் இருக்கிறவன் பார்க்கக்கூடாது. ஆர்கெஸ்ட்ராவுக்கு அடுத்த தலைமுறையில் வாசிப்பவன் எங்கிருந்து வருவான் சொல்லுங்கள்.

---

சுருதிப்பெட்டி

வெல்டர் அண்ணே, அந்த நீர்வீழ்ச்சிக்குப் பின்னால் நாற்பது வருடக் கதை இருக்கிறது. சுருக்கமாகச் சொல்கிறேன்.

1979 ஜூலையில் புரட்சித் தலைவர் கோமெய்னி வானொலி தொலைக்காட்சியில் இசையை நிறுத்தச் சொன்னார். இளைஞர்களை மயக்கும் அபினுக்கு அதை ஒப்பிட்டார். ரூதகி அரங்கம் என்று 1967-ல் திறந்த ஆபெரா மாளிகைக்கு வஹ்தத் அரங்கம் என்று பெயர் மாற்றினார்கள். வஹ்தத் என்றால் ஒற்றுமை. ரூதகி பத்தாம் நூற்றாண்டு வரை வாழ்ந்த பாரசீகக் கவி, இசைக்கலைஞரும்கூட. கவியை எடுத்துவிட்டு ஒற்றுமையை வைத்தார்கள், சரி.

அப்புறம் ஈராக்குடன் போர். போர் என்று வந்தால் அணிவகுப்புப் பாடல் வேண்டும், அதை வாசிக்க ஆள் வேண்டும். தடை விதித்த அரசுக்கே ஆர்கெஸ்ட்ரா தேவைப்பட்டது. 1988-ல் கோமெய்னியே வாத்தியங்களை அனுமதிக்கப்பட்ட காரியத்துக்காக விற்கலாம் வாங்கலாம் என்று ஃபத்வா கொடுத்தார். அதிலிருந்து மெல்ல மெல்ல ஒரு அரைகுறை நிலை. இசை சட்டவிரோதமல்ல, ஆனால் ஒவ்வொரு கச்சேரிக்கும் கலாச்சார அமைச்சகத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும். பாட்டுவரி, இசை, மேடை எல்லாம் அவர்கள் பார்வைக்குப் போகும். பொது இடங்களைக் கண்காணிக்கும் போலீஸ் பிரிவு தனியாகத் தலையிடலாம். அமைச்சகம் சரியென்றாலும் உள்ளூர் வெள்ளிக்கிழமைத் தொழுகைத் தலைவர் வேண்டாம் என்றால் முடிந்தது. 2016-ல் மஷ்ஹத் நகரில் கச்சேரியே கூடாது என்று அந்த ஊர்த் தலைவர் அலமொல்ஹோதா நின்றார். கலாச்சார அமைச்சர் ஜன்னதியும் இறங்கிவந்து அங்கே கச்சேரி நடக்காது என்று ஒப்புக்கொண்டார். அப்படி இறங்கிவந்தும் அக்டோபரில் பதவி போயிற்று. கந்தசாமி சார், இஞ்ச் இஞ்சாக நகர்ந்த கதை இதுதான்.

---

கறார்_கந்தசாமி

அமைச்சர் போனதை வைத்து என்னை மடக்கப் பார்க்கிறீர்கள். அரசியல்வாதி இறங்கிவருவதும் கலைஞன் இறங்கிவருவதும் ஒன்றா? கலைஞனுக்கு வேலையே நெளிவுசுளிவுதானே.

2016-ல் ரஹ்பரிக்குப் பிறகு வந்தவரைப் பாருங்கள். ஷஹ்ர்தாத் ரொஹானி (அதிபர் ரூஹானிக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை). அவரும் வியன்னாவில் படித்தவர், அவரும் இசையமைப்பாளர், அமெரிக்காவில் செட்டிலாகி இருந்தவர். 1993-ல் ஏதென்ஸ் அக்ரோபோலிஸில் கிரேக்க இசையமைப்பாளர் யான்னி நடத்திய கச்சேரியில் லண்டன் ராயல் பில்ஹார்மோனிக் கான்சர்ட் ஆர்கெஸ்ட்ராவை நடத்திய மனிதர். வந்தார், சத்தம் போடாமல் வேலையைப் பார்த்தார். சில வருடங்கள் ஆர்கெஸ்ட்ரா ஓடியது. அந்த வருடங்களில் அரங்கத்துக்கு வந்து கேட்டவனுக்குக் கிடைத்தது கிடைத்ததுதானே?

---

மீனலோசனி

‘கலைஞனுக்கு வேலையே நெளிவுசுளிவு.’ சரி. ஆனால் இங்கே நெளிய வேண்டியவர் யார், சுளிய வேண்டியவர் யார் என்று பாருங்கள். ரஹ்பரி அன்று ஒத்துக்கொண்டிருந்தால் அவர் கோட்டு கசங்கியிருக்காது. மேடையிலிருந்து இறங்கியிருக்க வேண்டியது பெண்கள். அடுத்தவரின் இடத்தை விட்டுக்கொடுப்பதற்குப் பெயர் விட்டுக்கொடுத்தல் இல்லை, கந்தசாமி அண்ணா.

விதியின் விசித்திரத்தையும் கவனியுங்கள். பெண் தனியாகப் பாடக்கூடாது, ஆண்கள் இருக்கும் அவையில். ஆனால் கோரஸில் பாடலாம். பத்துப் பெண்கள் சேர்ந்து பாடினால் பரவாயில்லை, அதில் ஒருத்தியின் குரல் தனியாகத் தெரிந்தால் குற்றம். வயலின் வாசிக்கலாம், முக்காடு போட்டுக்கொண்டு. மாகாணத்துக்கு மாகாணம், மேடைக்கு மேடை, அதிகாரிக்கு அதிகாரி அதுவும் மாறும். வஹ்தத் அரங்கத்தில் சரியாக இருந்த பெண் மல்யுத்த அரங்கத்தில் எப்படித் தப்பானாள்? அதே வயலின், அதே முக்காடு, அதே கீதம்.

2018-ல் நெஸ்ஹத் அமீரி என்ற பெண் கண்டக்டர் 71 பேர் கொண்ட குழுவை அதே வஹ்தத் அரங்கத்தில் நடத்தினார், அரசு நடத்தும் விழாவில். குழுவில் பெரும்பாலோர் பெண்கள். பெண் நின்று கைகாட்டலாம், அதற்கு ஆண் வாசிக்கலாம், ஆனால் அவள் வாயைத் திறந்து தனியாக ஒரு அடி பாடினால் கூடாது. 2024 டிசம்பரில் பாடகி பரஸ்தூ அஹ்மதி முக்காடில்லாமல், ஒரு பழைய வழிப்போக்கர் சத்திரத்தின் முற்றத்தில், எதிரே ஒரு ரசிகர்கூட இல்லாமல் பாடி இணையத்தில் ஓடவிட்டார். வழக்குப் போட்டுப் பிடித்தார்கள், பிறகு விட்டார்கள். கூட வாசித்த ஆண்களில் இருவரையும் பிடித்தார்கள். ஆக, ஆண்களுக்கும் இதில் தப்பிக்க வழியில்லை.

---

நாலாவது வயலின்

மீனலோசனி அம்மா சொன்ன முக்காடு விஷயத்தில் தொழில்ரீதியாக ஒரு சின்னக் குறிப்பு. வயலின் தாடைக்கும் தோள்பட்டைக்கும் நடுவே பிடிப்பில் நிற்பது. அந்த இடத்தில் வழுக்கும் துணி வந்தால் பிடி நழுவும். நான் கழுத்தில் கைக்குட்டை கட்டி வாசித்துப் பார்த்தவன் (வியர்வைக்காக). இரண்டாம் பாட்டுக்குள் தூக்கிப் போட்டுவிட்டேன். அந்தப் பெண்கள் வருடக்கணக்கில் அதோடு வாசிக்கிறார்கள். அவ்வளவுதான், மேலே பேசுங்கள்.

---

நூலகத்து எலி

நீங்கள் எல்லோரும் 1979-ல் இருந்து ஆரம்பிக்கிறீர்கள். இந்தத் ‘திரும்பி வந்து ஆர்கெஸ்ட்ரா கட்டுவது’ ஈரானில் நூறு வருட வழக்கம், தடையும் எப்போதும் மதத்திலிருந்துதான் வந்தது என்றில்லை.

முதல் ஆள் அலிநகி வசீரி. 1887-ல் பிறந்தவர், ராணுவத்தில் கர்னல், தார் என்ற தந்தி வாத்தியத்தில் மேதை. முதல் உலகப்போர் முடிந்ததும் பாரிஸ் போனார், பிறகு பெர்லின். 1923-ல் திரும்பி வந்து தெஹ்ரானில் இசைப் பள்ளி வைத்தார், குழு கட்டினார், இசை மன்றம் ஆரம்பித்தார். அந்தக் காலத்தில் பாரசீக இசை என்றால் ஒரு தார், வில்லால் வாசிக்கும் ஒரு கமாஞ்சே, ஒரு பாடகர், தொம்பக் என்ற ஒரு கைமேளம். எல்லோரும் ஒரே மெட்டின் பின்னாலேயே போவார்கள். எழுதி வைத்து, முன்கூட்டியே ஒத்திகை பார்த்து, இருபது முப்பது பேர் வேறு வேறு வரி வாசிப்பது என்பதை அங்கே ஊன்றியவர்களில் அவர்தான் முன்னோடி.

அவருக்கு வந்த சிக்கல் என்ன தெரியுமா? முல்லாக்கள் ஒருபக்கம் இருக்கட்டும். 1934-ல் ரெஸா ஷா அரசு அவரைப் பள்ளியிலிருந்து நீக்கியது. பதிலுக்கு வந்த மின்பாஷியான் பாரசீக இசையைப் பாடத்திட்டத்திலிருந்தே எடுத்துவிட்டார், மேற்கத்திய இசை மட்டும் போதுமென்று. நாகரிகமான நாடு பியானோ வாசிக்கும் என்ற எண்ணம். ரெஸா ஷா 1941-ல் பதவி இழந்த பிறகுதான் வசீரிக்கு மறுபடி இடம் கிடைத்தது. ஆக முதலில் ‘உங்கள் சொந்த இசை கூடாது’ என்றார்கள், அரை நூற்றாண்டு போனதும் ‘அந்நிய இசை கூடாது’ என்றார்கள். இரண்டையும் சேர்த்துக் கட்ட வந்தவன் இரண்டு தரப்பிடமும் அடி வாங்கினான்.

அடுத்தவர் பர்வீஸ் மஹ்மூத். பிரஸ்ஸல்ஸில் படித்துத் திரும்பியவர், நாற்பதுகளில் தெஹ்ரான் சிம்பொனிக்கு உருவம் கொடுத்தார். சில வருடங்களில் அமெரிக்கா போய்விட்டார். ரஹ்பரி வந்து வந்து போனதைப் பார்த்து ஆச்சரியப்பட எனக்கு ஒன்றுமில்லை.

---

சுருதிப்பெட்டி

எலி சார், அருமை. ஒரு சந்தேகம். பாரசீக இசையில் கால் சுரம் (பியானோ கட்டைகளுக்கு நடுவே விழும் சுரம்) இருக்கிறதே, அதை ஐரோப்பிய வாத்தியக்குழுவில் எப்படி உட்கார வைத்தார்கள்?

---

நூலகத்து எலி

அதுதான் வசீரி தலைமேல் இழுத்துப்போட்டுக்கொண்ட வேலை. சுரத்தைக் கால் அளவு இறக்கினால் கொரோன், ஏற்றினால் சோரி என்று இரண்டு குறிகளை உண்டாக்கினார். இன்றும் ஈரானில் அதைத்தான் எழுதுகிறார்கள். ஒரு ஸ்தாயியை 24 சம பாகமாகப் பிரித்துவிட்டால் ஒத்திசைவு எழுதலாம் என்பது அவர் கணக்கு. பின்னால் வந்த அறிஞர்கள், முக்கியமாக ஹொர்மோஸ் ஃபர்ஹத், இதை ஏற்கவில்லை. பாரசீக இடைவெளிகள் சமமும் இல்லை, நிலையும் இல்லை, வாசிப்பவருக்கு வாசிப்பவர் கொஞ்சம் நகரும் என்றார். (இந்த ஃபர்ஹத்தும் தெஹ்ரானை விட்டுப் போனவர்தான். டப்ளினில் பேராசிரியராக இருந்தார்.)

---

நாலாவது வயலின்

நமக்கு இது புரியச் சிரமமில்லை. தோடியின் காந்தாரத்தை எந்த ஆர்மோனியக் கட்டையில் பிடிப்பீர்கள்? வயலின், செல்லோவுக்குப் பிரச்சினையில்லை, விரலை நகர்த்தினால் வந்துவிடும். சிக்கல் ஓபோ, க்ளாரினெட், ஹார்ன் மாதிரி வாத்தியங்களில். பியானோவை மறந்துவிடலாம். இன்னொரு சிக்கல், ஒரு வயலின் கால் சுரத்தைத் தன் இஷ்டத்துக்கு நகர்த்தினால் அழகு. பதினாறு வயலின் ஆளுக்கொரு இஷ்டத்துக்கு நகர்த்தினால் சந்தைக்கடை. அதனால் பதினாறு பேரும் ஒரே இடத்தில் விரல் வைக்கப் பழக வேண்டும். அதற்கு ஒரே குழு, ஒரே ஆட்கள், மூன்று நான்கு வருடம் சேர்ந்து வாசிக்க வேண்டும். நடுவில் ஆளை மாற்றினால் பூஜ்யத்திலிருந்து. ஆர்கெஸ்ட்ரா இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மூடித் திறந்தால் இந்த வேலை நடக்கவே நடக்காது.

---

பாலைவன_வெல்டர்

வயலின் சார் சொன்னதில்தான் என் பார்வையில் அசல் விஷயம் இருக்கிறது. மூடித் திறப்பது.

நீங்கள் எல்லோரும் முக்காடு, ஃபத்வா, மேடை என்று பேசுகிறீர்கள். 2012-ல் ஆர்கெஸ்ட்ராவை நிறுத்தியது எந்த ஃபத்வாவும் இல்லை. பணம். சம்பளம் வரவில்லை. கலைஞன் குடும்பம் நடத்த கல்யாண வீட்டிலும், வீட்டு டியூஷனிலும், பாப் பாடகர் ஸ்டுடியோவிலும் போய் வாசிக்கிறான். ஒத்திகைக்கு வரமாட்டான், வந்தாலும் களைப்பு. அதற்கு மேல் பொருளாதாரத் தடை. அசலூயேவில் நாங்கள் ஒரு வால்வுக்குப் பணம் அனுப்ப வங்கி கிடைக்காமல் மூன்று நாடு சுற்றி அனுப்பினோம். எரிவாயு ஆலைக்கே அந்தக் கதி என்றால் வியன்னாவிலிருந்து ஒரு தனி வயலின் கலைஞரைக் கூப்பிட்டு அவருக்குப் பணம் கொடுப்பது எப்படி?

கறாராகப் பார்த்தால் அரசுக்கு ஆர்கெஸ்ட்ராவைத் தடை செய்யத் தேவையே இல்லை. சம்பளத்தை நாலு மாதம் தாமதப்படுத்தினால் போதும்.

---

நூலகத்து எலி

அதே சமயம் தேவைப்படும்போது பணம் வந்துவிடும், வெல்டர். 2009 தேர்தல் போராட்டங்களை நசுக்கிய சில மாதங்களில், 2010 ஜனவரியில், அதே ஆர்கெஸ்ட்ராவை ஐரோப்பிய நகரங்களுக்கு அனுப்பினார்கள், அமைதி, நட்பு என்ற பெயரில். அங்கிருந்த ஈரானியர்கள் பிரச்சாரம் என்று எதிர்த்தார்கள். வாசித்தவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

---

ரயில்பூச்சி

முதலில் கிண்டல் செய்தேன், மன்னிக்கவும். இழை நன்றாகப் போகிறது. ஒரு கேள்வி: மதம் இசையை இவ்வளவு வெறுத்தால் அங்கே முஹர்ரத்துக்குப் பாடுகிறார்களே, அது என்ன?

---

சுருதிப்பெட்டி

நல்ல இடத்தைத் தொட்டீர்கள். நோஹே என்று பெயர். கர்பலாவில் இமாம் ஹுசைன் கொல்லப்பட்டதை நினைத்துப் பாடும் புலம்பல், மார்பில் அடித்துக்கொண்டு தாளத்தோடு. பாடுகிறவர் நோஹே கான். தஸ்த்கா என்னும் மெட்டு அமைப்புகளில்தான் அதுவும் நடக்கும், ஆனால் அதை ‘இசை’ என்று யாரும் சொல்லமாட்டார்கள். குர்ஆன் ஓதுவதும் அப்படியே. நம்மூரில் ஒப்பாரியைக் கச்சேரி என்று யாராவது சொல்வார்களா?

சுவாரசியம் என்னவென்றால் ரஹ்பரியே இளம்வயதில் ‘நோஹே கான்’ என்ற தலைப்பில் வயலினுக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கும் ஒரு படைப்பு எழுதினார். அந்தப் புலம்பல் குரலை வயலினுக்குக் கொடுத்திருக்கிறார். அந்நிய இசையைக் கொண்டுவந்தார் என்று பிறகு அவரைத்தான் திட்டினார்கள்.

---

கடலோடி

பக்கத்து நாடான ஆப்கானிஸ்தானையும் கொஞ்சம் பார்ப்போம். அஹ்மத் சர்மஸ்த். அவர் இசையமைப்பாளர் என்பதைவிட இசை ஆய்வாளர். அப்பா சலீம் சர்மஸ்த்தான் ஆப்கானிஸ்தானின் பெரிய இசையமைப்பாளர், ஆர்கெஸ்ட்ரா நடத்தியவர். மகன் ஆஸ்திரேலியாவில் மோனாஷ் பல்கலையில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டுக் காபூலுக்குத் திரும்பி 2010-ல் தேசிய இசைப் பள்ளியைத் திறந்தார். தெருவில் பை விற்ற பிள்ளைகளையும் அநாதை இல்லப் பிள்ளைகளையும் சேர்த்தார், ஆணும் பெண்ணும் ஒரே வகுப்பில். 2013-ல் நியூயார்க்கின் கார்னகி அரங்கத்தில் வாசித்தார்கள். 2014 டிசம்பரில் காபூலில் ஒரு நிகழ்ச்சியில் அவருக்குப் பின்னால் தற்கொலைக் குண்டு வெடித்தது. தலையில் சிதறல்கள், செவிகள் பாழ். சிகிச்சை முடிந்து திரும்பி வந்தார். பெண்கள் மட்டுமே கொண்ட ஸோஹ்ரா ஆர்கெஸ்ட்ராவை வளர்த்து 2017-ல் டாவோஸ் உலகப் பொருளாதார மாநாட்டில் வாசிக்க வைத்தார்.

2021 ஆகஸ்ட் 15 காபூல் விழுந்தது. பள்ளியின் 270-க்கும் மேற்பட்டவர்களை தோஹா வழியாக போர்ச்சுகலுக்குக் கொண்டு போனார்கள். அங்கேதான் பள்ளி இப்போது. 2023 ஜூலையில் ஹெராத்தில் தாலிபான் கிதாரையும் ஆர்மோனியத்தையும் தபலாவையும் ஒலிபெருக்கியையும் குவித்து எரித்த படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

கந்தசாமி அண்ணன் சொன்ன ‘இஞ்ச் இஞ்ச்’ காபூலில் பதினோரு வருடம் வேலை செய்தது. பிறகு ஒரே நாளில் போயிற்று. ஆனால் பிள்ளைகள் இருக்கிறார்கள், வாசிக்கிறார்கள், ஆப்கானியத் தந்தி வாத்தியமான ரபாப் போர்ச்சுகலில் ஒலிக்கிறது. அதை ஆப்கானிஸ்தானின் ஆர்கெஸ்ட்ரா என்று சொல்வதா, அகதிகளின் ஆர்கெஸ்ட்ரா என்று சொல்வதா, எனக்கு இன்னும் தெளிவில்லை.

---

கறார்_கந்தசாமி

கடலோடி, அந்த உதாரணம் என்னை அசைக்கிறது, மறைக்கவில்லை. மீனலோசனி சொன்னதும் சரி, அடுத்தவர் இடத்தை நான் விட்டுக்கொடுக்கச் சொன்னேன். அதைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் ஒன்றை விடமாட்டேன். ரஹ்பரி அன்று வெளியேறியது சரி. அடுத்த வருடம் மொத்தமாக விலகியது? இருந்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். பெண்களுக்காக நின்றவர், சம்பளத்துக்காகவும் நின்றிருக்கலாம். அவர் குரலுக்கு வெளியே மதிப்பு இருந்தது, உள்ளே இருப்பவர்களுக்கு அது இல்லை.

---

மீனலோசனி

இதற்கு நான் எதிர்வாதம் செய்யமாட்டேன் அண்ணா. ஆனால் கொடுத்த வாக்குகளை நிறைவேற்றாத அலுவலகத்தில் உட்கார்ந்து ஆர்கெஸ்ட்ரா நடத்துவது எப்படி என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எனக்கு ஒரு சிறிய மாதாந்திர சங்கக் கூட்டம் நடத்தவே ஹால் சாவி கிடைப்பதில்லை.

---

நாலாவது வயலின்

விவாதத்தை நிறுத்துவதற்காக அல்ல, கேட்பதற்காக ஒன்று சொல்கிறேன். ரஹ்பரி 1980 வாக்கில் ஜெர்மனியில் நியூரம்பர்க் சிம்பொனியை வைத்து ஈரானிய இசையமைப்பாளர்களின் ஆர்கெஸ்ட்ரா படைப்புகளைப் பதிவு செய்திருக்கிறார். தெஹ்ரானில் வானொலி வாயை மூடியிருந்த அதே சமயம். தெஹ்லவி, பெஜ்மான், ரஹ்பரியின் சொந்தப் படைப்பு எல்லாம் உண்டு. நேற்று இரவு ஹெட்போனில் இரண்டு தடவை கேட்டேன். ஜெர்மன் வயலின்காரர்கள் ரொம்பச் சுத்தமாக வாசிக்கிறார்கள். ஆனால் சில இடங்களில் விரல் கொஞ்சம் கீழே இறங்கியிருக்க வேண்டும் என்று என் காது அரித்துக்கொண்டே இருந்தது. தெஹ்ரான் பிள்ளைகள் வாசித்திருந்தால் இறக்கியிருப்பார்களோ என்னவோ.

யாரிடமாவது தெஹ்ரான் குழு வாசித்த பதிவு இருந்தால் இங்கே போடுங்கள். படம் நீர்வீழ்ச்சியாக இருந்தாலும் பரவாயில்லை.